பாங்காக்கில் குறைந்த செலவில் தங்க: முதலில் ரயில் நிலையம், அப்புறம்தான் அறை

பாங்காக்கில் அறை மலிவுதான். ஓர் இரவுக்கு 800 முதல் 1,500 பாத் வரை கொடுத்தால் ஏசி, தனிக் குளியலறை, சுத்தமான படுக்கை எல்லாம் உள்ள அறை கிடைத்துவிடும். ஒரு பாத்துக்கு ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று ரூபாய் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஹாஸ்டலில் ஒரு படுக்கை போதும் என்றால் 250 முதல் 500 பாத்தில் முடிந்துவிடும்.

காசு கரைவது வேறு இடத்தில். 200 பாத் மிச்சம் என்று ரயிலுக்கு எட்டாத மூலையில் அறை பிடிப்பவர்கள் காலையில் ஒரு டாக்சி, மாலை நெரிசலில் ஒரு டாக்சி என்று அந்த 200ஐ முதல் நாளே கொடுத்துத் தீர்த்துவிடுவார்கள். நேரம் போவது தனி. அதனால் இங்கே எந்த ஹோட்டலின் பெயரையும் சொல்லப்போவதில்லை. சின்ன ஹோட்டல்கள் கைமாறும், பெயர் மாறும், போன வருடம் நன்றாக இருந்தது இந்த வருடம் பூசணம் பிடித்திருக்கும். தேர்ந்தெடுக்கும் முறை தெரிந்தால் போதும்.

படி 1: நிலையத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஊருக்குள் நீங்கள் அதிகம் பயன்படுத்தப்போவது இரண்டு ரயில்கள். மேம்பாலத்தில் ஓடும் பிடிஎஸ், பெரும்பாலும் நிலத்தடியில் ஓடும் எம்ஆர்டி. இவற்றோடு சுவர்ணபூமி விமான நிலையத்திலிருந்து பாயா தாய் வரை வரும் விமான நிலைய ரயில். வரைபடத்தைத் திறந்து, இந்த மூன்றில் ஏதாவது ஒன்றின் நிலையத்திலிருந்து 600 மீட்டருக்குள் இருக்கும் அறைகளை மட்டும் பாருங்கள்.

600 மீட்டர் என்று அடித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஹோட்டல் பக்கத்தில் 'நிலையத்திலிருந்து 5 நிமிடம்' என்று போட்டிருப்பார்கள். அது நடையா, வண்டியா என்று சொல்ல மாட்டார்கள். பாங்காக்கில் பெரிய சாலையிலிருந்து பிரியும் சந்துகளுக்கு சோய் என்று பெயர். சில சோய்கள் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே போகும், பலவற்றில் நடைபாதையே இருக்காது. ஏப்ரல் வெயிலில் பெட்டியை இழுத்துக்கொண்டு அந்தத் தூரம் நடப்பது தண்டனை. சோய் முனையில் ஆரஞ்சு நிற மேலங்கி போட்ட பைக் டாக்சிக்காரர்கள் நிற்பார்கள். பத்து இருபது பாத்தில் உள்ளே கொண்டுபோய் விடுவார்கள். தனி ஆளுக்குச் சரி, குடும்பத்துக்குச் சரிவராது.

இன்னொன்று. சுகும்வித் சாலையில் ஒற்றைப்படை எண் சோய்கள் எல்லாம் ஒரு பக்கம், இரட்டைப்படை எல்லாம் எதிர்ப்பக்கம். எண்கள் ஒன்றுக்கொன்று நேராக வராது. சோய் 55க்கு எதிரே இருப்பது சோய் 38. எண்ணைப் பார்த்து 'பக்கத்தில்தான் இருக்கும்' என்று முடிவு கட்டாதீர்கள்.

சரி, எந்தப் பகுதி?

ஆன் நுட், பிரா கனோங்: சுகும்வித் சாலையிலேயே, பிடிஎஸ் தடத்தில், நடு நகரத்தைத் தாண்டி இருக்கும் நிலையங்கள். விலை குறைவு. உள்ளூர்க்காரர்கள் வாழும் இடம் என்பதால் சாப்பாடும் மலிவு, பெரிய பல்பொருள் கடைகளும் உண்டு. முதல் முறை போகும் குடும்பத்துக்கு நான் சொல்வது இந்தப் பகுதியைத்தான். நகர மையத்துக்கு ரயிலில் ஏறக்குறைய 20 நிமிடம்.

அசோக்: பிடிஎஸ்ஸும் எம்ஆர்டியும் சந்திக்கும் இடம். எங்கே போகவும் வசதி, அதற்கேற்ற விலை. இங்கிருந்து நானா வரை இரவு விடுதிகள் கூடிய பகுதி. பிள்ளைகளோடு போகிறவர்கள் சோய் 4, சோய் கவ்பாய் ஆகியவற்றை ஒட்டிய ஹோட்டல்களைத் தவிர்த்தால் சங்கடம் இல்லை.

ஹுவாய் குவாங், ராட்சதா பகுதி: எம்ஆர்டி நீலத் தடம். சுற்றுலாக் கூட்டம் குறைவு, அதே பணத்துக்குக் கொஞ்சம் பெரிய அறை.

பிரதுநாம்: துணி வாங்கப் போகிறவர்களின் ஊர். மொத்தத் துணிக்கடைகள், இந்திய உணவகங்கள், இந்திய முகங்கள் எல்லாம் நிறைய. விமான நிலைய ரயிலின் ராட்சபிராரோப் நிலையம் நடக்கும் தூரத்தில் இருக்கிறது. ஆனால் சாலை நெரிசல் ஊரிலேயே மோசமான வகை. மெட்ரோவின் ஆரஞ்சுத் தடத்துக்கான வேலையும் இந்தப் பக்கம் நடக்கிறது. பெட்டி நிறையத் துணி வாங்கும் திட்டம் இல்லாவிட்டால் இங்கே தங்கத் தேவையில்லை.

சீலோம்: அலுவலகங்கள் நிறைந்த இடம். 19ஆம் நூற்றாண்டில் இங்கே குடியேறிய தமிழர்கள் கட்டிய மகா மாரியம்மன் கோவில், சீலோம் சாலையும் பான் சாலையும் சேரும் முனையில் இருக்கிறது. சுராசக், செயின்ட் லூயிஸ் ஆகிய பிடிஎஸ் நிலையங்களிலிருந்து நடந்துவிடலாம். மல்லிகை மாலையும் தேங்காயுமாக வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்கள் என்பதைப் பார்க்கவே ஒரு முறை போகலாம். நவராத்திரி முடிந்து விஜயதசமி இரவு அம்மன் ஊர்வலம் வரும்போது சாலையை அடைத்துவிடுவார்கள். அந்தத் தேதியில் அங்கே அறை எடுப்பவர்கள் பெட்டியோடு டாக்சியில் வாசலில் இறங்கலாம் என்று எண்ண வேண்டாம்.

காவ் சான்: பை தூக்கிப் பயணிகளின் பழைய அடைக்கலம். அறை மலிவு, அரண்மனை பக்கம், ஆனால் ரயில் இல்லை. சாம் யோட் எம்ஆர்டி நிலையம் இரண்டு கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. பிரா ஆதித் துறையிலிருந்து ஆற்றுப் படகு உண்டு. இருட்டிய பிறகு படகை நம்ப முடியாது. நள்ளிரவு தாண்டியும் பாட்டுச் சத்தம் ஓயாது. இளவட்டங்களுக்கு அதுவே பிடிக்கும்.

படி 2: தேதி

நவம்பர் முதல் பிப்ரவரி வரை குளிர் காலம், விலை உச்சம். ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்க்ரான் புத்தாண்டு. நம் சித்திரைப் பிறப்பை ஒட்டியே வரும். அந்த நாட்களில் சீலோமும் காவ் சானும் தண்ணீர்ப் போர்க்களம். பெட்டியோடு அங்கே போய் இறங்கினால் பெட்டியும் நனையும். செப்டம்பர், அக்டோபரில் மழை கொட்டும், அறை விலை இறங்கும். அந்த மாதங்களில் தாழ்வான சோய்களில் தண்ணீர் நிற்குமா என்று விருந்தினர் கருத்துகளில் தேடிப் பாருங்கள்.

படி 3: முன்பதிவுப் பக்கத்தைப் படிக்கும் விதம்

முதலில் தெரியும் விலையை நம்பாதீர்கள். தாய்லாந்தில் பல இடங்களில் அறை விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி இருக்கும். 10 சதவீத சேவைக் கட்டணமும் அதற்கு மேல் 7 சதவீத வரியும் சேரும் என்று அர்த்தம். 1,000 பாத் அறை கடைசியில் 1,177 பாத். செயலிகளில் கடைசித் திரை வரை போய், எல்லாம் சேர்ந்த தொகையை வைத்து ஒப்பிடுங்கள்.

அடுத்தது ஜன்னல். மலிவு விலை ஹோட்டல்களில் ஜன்னலே இல்லாத அறைகளும், திறந்தால் எதிர்ச் சுவர் முகத்தில் இடிக்கும் அறைகளும் சகஜம். ஒரே ஹோட்டலில் 100 பாத் வித்தியாசத்தில் இரண்டு வகை அறைகள் இருந்தால், பெரும்பாலும் அந்த 100 ஜன்னலுக்கான காசு. கொடுத்துவிடுங்கள்; ஜன்னல் இல்லாத அறையில் ஈர வாடை போகவே போகாது.

லிஃப்ட் இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய கடை வீடுகளை இடித்துக் கட்டாமல் அப்படியே ஹோட்டலாக மாற்றியவை நிறைய. அழகாக இருக்கும், நான்காவது மாடிக்குப் படியேற வேண்டியிருக்கும். வயதான அம்மா அப்பாவோடு போகிறவர்கள் இதை எழுதியே கேட்டுவிட வேண்டும்.

கருத்துகளைப் புதியவற்றிலிருந்து படியுங்கள். பத்துக்கு எட்டு, ஒன்பது என்ற மதிப்பெண்ணால் பெரிய பயன் இல்லை. சத்தம், கட்டட வேலை, பூசணம், எறும்பு, மூட்டைப்பூச்சி என்ற சொற்களைத் தேடுங்கள். விருந்தினர்கள் எடுத்த படங்களில் குளியலறைப் படத்தைப் பாருங்கள். ஹோட்டல்காரர் எடுத்த படத்தில் அறை எப்போதும் ஒரு மடங்கு பெரியது.

மூன்று பேர் ஒரே அறையில் தங்கும் திட்டம் இருந்தால் முன்பதிவிலேயே மூன்று என்று போடுங்கள். அங்கே போய்ச் சமாளித்துக்கொள்ளலாம் என்ற நம் ஊர்ப் பழக்கம் அங்கே செல்லாது. வரவேற்பில் ஒவ்வொருவரின் பாஸ்போர்ட்டையும் கேட்பார்கள், மூன்றாவது ஆளுக்குத் தனிக் கட்டணம் வாங்குவார்கள்.

நாள் வாடகைக்கு விடும் அடுக்குமாடி வீடுகள் படத்தில் அருமையாக இருக்கும். மாடியில் நீச்சல் குளம் வேறு. 2004ஆம் ஆண்டின் ஹோட்டல் சட்டப்படி, ஒரு மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விட உரிமம் வேண்டும். சிறிய தங்குமிடங்களுக்கு விலக்கு உண்டு, அடுக்குமாடிக் குடியிருப்பில் உள்ள ஒற்றை வீடுகள் பெரும்பாலும் இந்த விஷயத்தில் சிக்கல்தான். பல கட்டடங்களின் வாசலிலேயே 'நாள் வாடகைக்கு அனுமதி இல்லை' என்ற பலகை தொங்கும். 'காவலாளி கேட்டால் நண்பர் வீட்டுக்கு வந்திருப்பதாகச் சொல்லுங்கள்' என்று வீட்டுக்காரர் செய்தி அனுப்பினால், உடனே ரத்து செய்துவிட்டு ஹோட்டலைத் தேடுங்கள்.

படி 4: பணம் கட்டுவது

முதல் இரண்டு இரவுகளை மட்டும், இலவசமாக ரத்து செய்யும் வசதியோடு பதிவு செய்யுங்கள். அறை பிடித்திருந்தால் அங்கேயே நீட்டிக்கலாம். வரவேற்பில் கேட்டால் சில சமயம் செயலியைவிடக் குறைந்த விலைக்கே தருவார்கள். டிசம்பர் கடைசியிலும் சொங்க்ரானிலும் இந்த வித்தை பலிக்காது. அப்போது முழுவதையும் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

கார்டில் கட்டும்போது 'ரூபாயில் கட்டவா, பாத்தில் கட்டவா' என்று கேட்டால் பாத். ரூபாய் என்று சொன்னால் அவர்கள் வைக்கும் மாற்று விகிதம் நம் பையைக் கடிக்கும். ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும், இதே பதில்தான். வெளிநாட்டுக் கார்டில் ஒவ்வொரு முறை பணம் எடுக்கும்போதும் தாய்லாந்து வங்கிகள் 220 பாத் அல்லது அதற்கு மேல் பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது வீண்.

படி 5: கிளம்புவதற்கு முன்

2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் நுழையும் எல்லா வெளிநாட்டவரும் மின்னணு வருகை அட்டையை நிரப்ப வேண்டும். போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் குடிவரவுத் துறையின் தளத்தில் நிரப்பலாம். கட்டணம் கிடையாது. தேடுபொறியில் முதலில் வந்து நிற்கும் சில தளங்கள் இதற்குப் பணம் கேட்கும், மூடிவிடுங்கள். அந்த அட்டையில் தங்கும் முகவரி கேட்பார்கள் என்பதால் அதற்கு முன் முதல் ஹோட்டலாவது முடிவாகியிருக்க வேண்டும். விசா விதி அடிக்கடி மாறுவது. டிக்கெட் எடுக்கும் முன் தூதரகத் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

ஹோட்டலின் பெயர், முகவரி, தொலைபேசி எண் மூன்றையும் தாய்லாந்து மொழி எழுத்தில் கைபேசியில் படமாக வைத்துக்கொள்ளுங்கள். வரைபடச் செயலியிலேயே கிடைக்கும். ஆங்கில எழுத்தில் காட்டினால் பல டாக்சி ஓட்டுநர்கள் தலையை ஆட்டிவிட்டு வேறு எங்கோ கொண்டுபோய் விடுவார்கள்.

இ-சிகரெட் வைத்திருப்பவர்கள் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். தாய்லாந்தில் அதைக் கொண்டுவருவதே குற்றம்.

படி 6: விமானத்திலிருந்து அறை வரை

சுவர்ணபூமியில் இறங்கினால் தரைக்குக் கீழே விமான நிலைய ரயில். காலை ஐந்தரை அளவில் தொடங்கி நள்ளிரவு வரை ஓடும். மக்கசான் வரை 35 பாத். அங்கே எம்ஆர்டிக்கு மாறலாம். பாயா தாய் வரை 45 பாத், அங்கே பிடிஎஸ். அரை மணிக்குள் நகரம். நான்கு பேர், நான்கு பெட்டி என்றால் டாக்சியே மேல். முதல் தளத்தில் உள்ள இயந்திரத்தில் சீட்டு எடுத்து, அதில் உள்ள எண்ணின் வண்டியில் ஏறுங்கள். மீட்டர் தொகையோடு விமான நிலையக் கட்டணம் 50 பாத்தும் விரைவுச் சாலைச் சுங்கமும் சேரும். மொத்தம் 400 முதல் 500 பாத் ஆகலாம். மீட்டர் போட மறுத்தால் இறங்கிவிடுங்கள்.

ஏர் ஏசியா போன்ற மலிவு விலை விமானங்கள் டான் முவாங்கில் இறங்கும். அங்கே விமான நிலைய ரயில் கிடையாது. சிவப்புத் தட ரயில் உண்டு. அது குருங் தேப் அபிவாத் பெரிய நிலையத்துக்கு வந்து சேரும், அங்கே எம்ஆர்டி பிடிக்கலாம். ஏ1 பேருந்து மோ சிட் பிடிஎஸ் நிலையத்துக்குப் போகும், 30 பாத்.

சென்னையிலிருந்து நள்ளிரவில் கிளம்பும் விமானங்கள் விடியற்காலையில் போய்ச் சேரும். அறையோ மதியம் இரண்டு மணிக்குத்தான் கிடைக்கும். சண்டை போட்டுப் பயனில்லை. பெட்டியை வரவேற்பில் வைத்துவிட்டு ஊர் சுற்றக் கிளம்புங்கள், காசு கேட்க மாட்டார்கள். மாற்று உடையும் பல் துலக்கும் சாமானும் கைப்பையிலேயே இருக்கட்டும். சுத்தமாகத் தூங்கியே ஆக வேண்டும் என்றால் முந்தைய இரவையும் சேர்த்துப் பதிவு செய்துவிட்டு, 'காலை ஏழு மணிக்கு வருவேன்' என்று செய்தி அனுப்புங்கள். சொல்லாமல் விட்டால் வரவில்லை என்று அறையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடவும் கூடும்.

படி 7: வரவேற்பும் அறைச் சோதனையும்

பாஸ்போர்ட்டைப் படியெடுப்பார்கள். சந்தேகப்பட வேண்டாம், தங்கும் வெளிநாட்டவர் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிப்பது அவர்கள் கடமை. ஆனால் பாஸ்போர்ட்டையே பிணையாக வைக்கச் சொன்னால் கொடுக்காதீர்கள். பணமாக வைக்கிறேன் என்று சொல்லுங்கள். முன்வைப்புத் தொகை 500 முதல் 1,000 பாத் வரை ரொக்கமாகக் கேட்பது வழக்கம். ரசீது வாங்கி, கைபேசியில் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

அறைக்குள் போனதும் பெட்டியைப் படுக்கையில் போடாதீர்கள். குளியலறைத் தரையில் வையுங்கள். படுக்கை விரிப்பைத் தலைமாட்டில் தூக்கி மெத்தையின் தையல் ஓரத்தைப் பாருங்கள். கரும்புள்ளி வரிசையாகத் தெரிந்தால் மூட்டைப்பூச்சி, வேறு அறை கேளுங்கள். ஏசியைப் போட்டுவிட்டு ஐந்து நிமிடம் நில்லுங்கள். வெந்நீர், கதவுத் தாழ், வைஃபை எல்லாவற்றையும் அப்போதே பார்த்துவிடுங்கள். ஏற்கெனவே உடைந்தது, கறை பட்டது ஏதாவது இருந்தால் படம் எடுத்து வைத்துக்கொள்வது முன்வைப்புத் தொகையைக் காப்பாற்றும்.

சுவரில் அபராதப் பட்டியல் ஒட்டியிருக்கும். அறையில் புகைத்தால் பெரும்பாலும் 2,000 பாத். துரியனுக்குத் தடை, வாடை போகாது என்பதால். மங்குஸ்தானுக்கும் தடை, அதன் தோல் சாறு வெள்ளை விரிப்பில் பட்டால் கறை போகாது. அப்புறம் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை: பயணக் குக்கரை எடுத்துப்போய் அறையில் சாதம் வடிப்பதைப் பெரும்பாலான ஹோட்டல்கள் அனுமதிப்பதில்லை. புகை உணரும் கருவி தாளிப்பையும் தீயென்றே எடுத்துக்கொள்ளும்.

படி 8: தங்கியிருக்கும் நாட்கள்

கழிப்பறையில் தண்ணீர்க் குழாய் இருக்கும், அந்தக் கவலை வேண்டாம். காகிதம் பயன்படுத்தினால் கூடையில் போடுங்கள், பழைய கட்டடங்களில் அடைத்துக்கொள்ளும். குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். தினம் இரண்டு பாட்டில் இலவசமாக வைப்பார்கள். தீர்ந்தால் தெருவோர இயந்திரத்தில் லிட்டர் ஒரு பாத் அளவில் நிரப்பிக்கொள்ளலாம்.

மின்சாரம் 220 வோல்ட், நம் ஊர் போலத்தான். கைபேசி சார்ஜரின் இரண்டு முள் நேராகச் செருகும். மடிக்கணினியின் மூன்று உருண்டை முள் பிளக் பொருந்தாது, அடாப்டர் ஒன்று எடுத்துப்போங்கள். துணிக்குக் காசு போடும் சலவை இயந்திரக் கடைகள் பெரும்பாலான சோய்களில் உண்டு, ஹோட்டல் சலவை விலையில் பாதிகூட ஆகாது.

காலை உணவு சேர்ந்த அறை அசைவக்காரர்களுக்கு லாபமாக இருக்கலாம். சைவக்காரர்களுக்கு ரொட்டி, பழம், காபி என்று முடிந்துவிடும். பன்றி இறைச்சியும் அதே மேசையில் இருக்கும். உணவில்லாத அறை எடுத்து வெளியே சாப்பிடுவதே மேல். மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்தில் 'ஜே' என்ற அடையாளம் இருந்தால் இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது, வெங்காயமும் பூண்டும்கூட இல்லை. செவன் இலெவன் கடைப் பொட்டலங்களிலும் இந்த அடையாளத்தைப் பார்க்கலாம். மற்ற கடைகளில் காய்கறி மட்டும் என்று சொன்னாலும் மீன் சாறும் சிப்பிச் சாறும் விழுந்துவிடும்; 'மை சாய் நாம் பிளா' என்றால் மீன் சாறு போடாதீர்கள். வணிக வளாகங்களின் பொது உணவுக் கூடங்களில் 50 முதல் 80 பாத்தில் ஒரு தட்டு கிடைக்கும். சாதம், சாம்பார் நாக்கு கேட்டால் சீலோம் கோவில் பக்கம், சப்பாத்தி கேட்டால் சாம் யோட் நிலையத்தருகே பஹுரட்.

ஹோட்டல் வாசலிலோ அரண்மனை வாசலிலோ 'இன்று மூடியிருக்கிறது, 20 பாத்துக்கு ஊர் சுற்றிக் காட்டுகிறேன்' என்று டுக்டுக்காரர் சொன்னால் நடையைக் கட்டுங்கள். கடைசியில் நகைக்கல் கடையில்தான் நிற்பீர்கள். ஏமாந்துவிட்டால் சுற்றுலாக் காவல்துறை 1155, ஆம்புலன்ஸ் 1669.

படி 9: கிளம்பும் நாள்

அறையை 12 மணிக்குள் காலி செய்ய வேண்டும், சில இடங்களில் 11. ஊர் திரும்பும் விமானம் இரவில் என்றால் பெட்டியை மறுபடி வரவேற்பில் வைக்கலாம். குளிக்க இடம் உண்டா என்று கேளுங்கள், ஹாஸ்டல்களில் பெரும்பாலும் விடுவார்கள். முன்வைப்புத் தொகை அறையைப் பார்த்த பிறகே திரும்பக் கிடைக்கும். அதற்கு ஒரு கால் மணி ஒதுக்குங்கள். வாசலில் டாக்சியை நிறுத்திவிட்டுக் கேட்காதீர்கள்.

மாலை நான்கு முதல் எட்டு வரை சாலை நகராது, அந்த நேரத்தில் சுவர்ணபூமிக்கு ரயிலே கதி. டிக்கெட்டில் எந்த விமான நிலையம் என்பதை இன்னொரு முறை பாருங்கள். இரண்டும் நகரத்தின் வெவ்வேறு பக்கம். தப்பான இடத்தில் இறங்கினால் மற்றதற்குப் போக நெரிசல் இல்லாத நேரத்திலும் ஒரு மணி நேரம் ஆகலாம்.